வாசலை அடைக்காதீர்கள்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் சொல்லும் பாடம்

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். புதிய திரைச்சீலை, பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், மின்விளக்குச் சரம், தரையில் ஒட்டும் கோலத் தாள், பித்தளை உருளி என்று பை நிறைய வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் ஏறிவிடும். அதன் பிறகும் பல வீடுகளில் ஏதோ ஒரு குறை தெரியும். வீடு நிறைந்திருக்கும், ஆனால் மூச்சு முட்டும். பட்டப்பகலிலும் விளக்கு எரியும். வந்திருக்கும் விருந்தினர் ஒருவர் எழுந்து வழிவிட்டால்தான் அடுத்தவர் உள்ளே போக முடியும்.

பணம் போதாததாலோ ரசனை இல்லாததாலோ இந்தக் குறை வருவதில்லை. கேள்வியை மாற்றிக் கேட்பதால் வருகிறது. ‘வாசலில் எதை வைக்கலாம்?’ என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ‘இந்த வாசல் வழியாக எதெல்லாம் வந்து போக வேண்டும்?’

மனிதர்கள் வர வேண்டும். வெளிச்சம் வர வேண்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். மழைநீர் வெளியிலேயே நிற்க வேண்டும். தீ போன்ற ஆபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் தடுக்கி விழாமல் வெளியே ஓட வேண்டும். இந்த ஐந்துக்கும் வழி செய்த பிறகு வைக்கிற ஒரு குத்துவிளக்கும் அழகாகத் தெரியும். வழி செய்யாமல் வைக்கிற எந்த விலையுயர்ந்த பொருளும் இடைஞ்சலாகவே தெரியும்.

இந்தப் பாடத்தைக் கற்க வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் பழைய நகரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கடைவீடுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே போதும்.

குறுகிய வீடு, நீண்ட வீடு

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு பினாங்கில் கால் வைத்த பிறகு உருவான நகரம் ஜார்ஜ்டவுன். லைட் ஸ்திரீட், பீச் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், பிட் ஸ்திரீட் ஆகியவை அதன் தொடக்கக் காலத் தெருக்கள். பிட் ஸ்திரீட் இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை. சீனர்கள், தமிழ் முஸ்லிம்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மலாய்க்காரர்கள், அரபு வணிகர்கள் என்று பலரும் இந்தச் சிறிய பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் குடியேறினார்கள். எல்லாருக்கும் தெருவைப் பார்த்த முகப்பு தேவைப்பட்டது. கீழே கடை, மேலே வீடு என்ற கடைவீடு அப்படித்தான் வேரூன்றியது.

தெருப்பக்கம் பார்த்தால் ஒரு கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர்தான். உள்ளே நடந்தால் 30 மீட்டரும் அதற்கு மேலும் நீண்டுகொண்டே போகும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு ஒட்டியவை. அவற்றில் சன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முன்புறம், பின்புறம், நடுவிலுள்ள திறந்த முற்றம் ஆகிய மூன்று வழிகளில்தான் வர முடியும்.

இன்றைய அடுக்குமாடி வீட்டின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அங்கும் பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுக்குச் சொந்தம். அங்கும் முன்கதவும் பின்சன்னலும்தான் மூச்சு விடும் இடங்கள். மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட 700 சதுர அடி, மூன்று அறை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, மாளிகைகளின் படங்களைவிட இந்தக் கடைவீடுகளே பொருத்தமான வழிகாட்டிகள்.

ஐந்தடி: சொந்த இடம், பொது வழி

கடைவீட்டின் முதல் அறை கதவுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. மேல்மாடி முன்னால் நீண்டு, தூண்களின் மேல் நிற்க, அதன் கீழே உண்டாகும் நிழல் பாதைதான் ‘ஐந்தடி’. பேச்சு வழக்கில் ‘அஞ்சடி’ என்றும், மலாயில் ‘காக்கி லீமா’ என்றும் சொல்வார்கள். 1822ஆம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டம், செங்கல் கடைவீடுகளின் முன்னால் இப்படியொரு தொடர்ச்சியான மூடுபாதை இருக்க வேண்டும் என்றது. நீரிணைக் குடியேற்றங்களின் மற்ற நகரங்களிலும் இந்த அமைப்பு பரவியது.

ஐந்தடியின் தனித்தன்மை அதன் உரிமையில் இருக்கிறது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு உரியது. மழைக்கு ஒதுங்குகிறவர், வெயிலுக்கு ஒதுங்குகிறவர், பள்ளி முடிந்து வரும் குழந்தை, கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் என்று யாரும் அந்த வழியே போகலாம். வீட்டுக்காரருக்கும் அது திண்ணை மாதிரி பயன்பட்டது. மாலையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், பூ கட்டுவார்கள், அண்டை வீட்டாரோடு பேசுவார்கள்.

இந்த இரட்டை உரிமையால் சச்சரவும் வந்தது. கடைக்காரர்கள் சாமான்களை அடுக்கிப் பாதையை அடைத்தார்கள். 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் நகராட்சி அதிகாரிகள் இந்தப் பாதைகளைக் காலி செய்ய முற்பட்டபோது கடையடைப்பும் கலவரமும் மூண்டன. வீட்டு முன்வாசல் யாருடையது என்ற கேள்வி அவ்வளவு பழையது.

தமிழ்நாட்டுத் திண்ணை, மலாய் வீட்டின் ‘செராம்பி’, கடைவீட்டின் ஐந்தடி ஆகிய மூன்றும் ஒரே கருத்தின் மூன்று வடிவங்கள். தெருவிலிருந்து நேராகக் கூடத்துக்குள் குதிக்காமல், இடையில் ஓர் இளைப்பாறும் இடம் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கருத்து. வருகிறவர் அங்கே காலணியைக் கழற்றுவார், குடையை மடக்குவார், வியர்வையைத் துடைத்துக்கொள்வார். வீட்டில் இருப்பவரும் வந்தவர் யார் என்று பார்த்துக்கொள்வார்.

அடுக்குமாடி வீட்டில் திண்ணைக்கு இடம் ஏது? கதவுக்கு உள்ளே இரண்டு அடிக்கு மூன்று அடி இடம் ஒதுக்கினால் போதும். ஒரு கால்மிதி, ஒரு சிறிய முக்காலி, சாவியும் குடையும் மாட்ட இரண்டு கொக்கி, காலணிக்கு ஓர் ஒல்லியான அடுக்கு. முக்காலியை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டும்போதுதான் தடுமாறுகிறார்கள். கால்மிதியின் அடியில் வழுக்காத ரப்பர் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

கதவுக்கு வெளியே உள்ள நடைபாதை வேறு கணக்கு. அது எல்லாருக்கும் பொதுவான சொத்து. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, பொது நடைபாதையையும் தீத்தப்புப் பாதையையும் பொருள் வைத்து அடைக்கக் கூடாது. காலணி அலமாரி, பழைய சோபா, சைக்கிள், பூந்தொட்டி வரிசை எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளே அழகுபடுத்துவது, ஐந்தடியை அடைத்த பழைய கடைக்காரர் செய்த அதே தவறு. புகை சூழ்ந்த இருட்டில் ஓடுகிறவருக்கு அந்தச் செருப்பு அடுக்கே எமனாகலாம். வாசலுக்கு அழகு சேர்க்க வேண்டுமா? தரையோடு தரையாக இருக்கும் ஒரு மாக்கோலம் போதும். அது யார் காலையும் தடுக்காது.

கதவும் அரைக்கதவும்

பழைய கடைவீட்டின் முன்கதவு கனமான இரட்டைக் கதவு. பல வீடுகளில் அதற்கு முன்னால் மார்பளவு உயரத்தில் இன்னொரு சிறிய இரட்டைக் கதவு இருக்கும். ‘பிந்து பாகார்’ என்று அதற்குப் பெயர். நியோன்யா, பாபா வீடுகளில் அதில் பூவும் பறவையுமாகச் செதுக்கி, பொன் வண்ணம் பூசியிருப்பார்கள். பெரிய கதவைத் திறந்து வைத்து இந்த அரைக்கதவை மட்டும் சாத்தினால், காற்றும் வெளிச்சமும் மேலாக உள்ளே வரும். தெருவில் போகிறவர் கண்ணில் வீட்டுக்குள் நடப்பது படாது. வீடு மூடியிருக்கும், ஆனால் அடைபட்டிருக்காது. கதவுக்கும் சன்னலுக்கும் மேலே காற்றுத் துளைகள் வேறு இருக்கும். இரவில் எல்லாவற்றையும் சாத்தினாலும் வீடு மூச்சுவிடும்.

இன்றைய வீடுகளில் அந்த இடத்தை இரும்புக் கிரில் பிடித்துக்கொண்டது. பாதுகாப்புக்கு அது தேவை, மறுக்க முடியாது. ஆனால் கிரிலின் மேல் பிளாஸ்டிக் தகடு அடித்து, அதன்மேல் தடித்த திரையும் போட்டு, உள்ளே குளிர்சாதனத்தை ஓடவிடும் வீடுகள் பெருகிவிட்டன. அங்கே வாசல், சுவர் ஆகிவிடுகிறது. தகட்டுக்குப் பதில் மெல்லிய பருத்தித் திரையைக் கிரிலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவருக்கு மறைவு கிடைக்கும். மேல்பாதியில் காற்று வரும். நூறு ஆண்டு பழைய அரைக்கதவின் வேலையை இரண்டு முழம் துணி செய்துவிடும்.

கிரிலில் இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. உள்ளிருந்து பூட்டிய பூட்டின் சாவி எங்கே இருக்கிறது? தீ விபத்தில் வெளியேற முடியாமல் போவதற்குப் பூட்டிய கிரிலும் தேடிக் கிடைக்காத சாவியும் காரணமாகிவிடும். வெளியிலிருந்து கைக்கு எட்டாத, உள்ளிருந்து உடனே எடுக்கக்கூடிய ஓர் ஆணியில் சாவி எப்போதும் தொங்க வேண்டும். வீட்டிலுள்ள பாட்டிக்கும், பேரக் குழந்தைக்கும், பணிப்பெண்ணுக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். அகல்விளக்கு ஏற்றும் வழக்கமுள்ள வீடுகளில் விளக்கின் மேலே திரையோ பிளாஸ்டிக் தோரணமோ தொங்கக் கூடாது. விளக்கு நடைவழியின் ஓரத்தில் இருக்கட்டும், நடுவில் வேண்டாம்.

ஒரு கூடம், பல வேலைகள்

கதவைத் தாண்டினால் முன்கூடம். சீனக் குடும்பங்களில் கதவைப் பார்த்தபடி பூசைமேடை இருக்கும். இரு பக்கச் சுவர்களை ஒட்டி நாற்காலிகள் எதிரும் புதிருமாக வரிசையாக நிற்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. வாசலிலிருந்து முற்றம் வரை பார்வைக்குத் தடையே இல்லை.

தமிழர்களின் கூடங்களும் அப்படியே இருந்தன. தமிழர்கள் ‘கடைத்தெரு’ என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் முன்கூடம்தான் கடை. பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த செட்டியார்களின் கிட்டங்கிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு தாழ்ந்த மேசைப்பெட்டி, சாமான் வைக்க ஓர் அலமாரி. அவ்வளவுதான் இடம். பகலில் கணக்கு எழுதிய அதே கூடத்தில் இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். சாமான் குறைவாக இருந்ததால் ஒரே இடம் அலுவலகமாகவும் வரவேற்பறையாகவும் படுக்கையறையாகவும் மாறிக்கொண்டது.

இதற்கு நேர்மாறானது இன்றைய ‘செட்’ மோகம். மூவர் சோபா, இருவர் சோபா, ஒருவர் சோபா, நடுவில் கண்ணாடி மேசை, எதிரே சுவர் முழுக்கத் தொலைக்காட்சி அலமாரி. பெரிய காட்சிக்கூடத்தில் பார்த்தபோது அழகாக இருந்த அந்தத் தொகுப்பு, சிறிய கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் மனிதர்களை ஓரம் தள்ளிவிடுகிறது.

சாமான் வாங்குமுன் அளக்க வேண்டிய அளவு இரண்டே இரண்டு. வாசலிலிருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகும் முக்கிய வழி, குறைந்தது மூன்று அடி அகலம் தடையின்றி இருக்க வேண்டும். சக்கர நாற்காலியும், ஆளைத் தாங்கிப் பிடித்து நடப்பதும் அதில் அடங்கும். சோபாவுக்கும் மேசைக்கும் இடையே ஒன்றரை அடி இருந்தால் கால் இடிக்காது, காப்பியும் கைக்கு எட்டும். கடைக்குப் போகும் முன் பழைய நாளிதழ்களைச் சோபாவின் அளவுக்குத் தரையில் பரப்பி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது.

பல வீடுகளுக்கு ஒரு மூவர் சோபாவும், இழுத்துப் போடக்கூடிய இரண்டு நாற்காலியும், சுவரோரமாக ஒரு நீளப் பலகையும் போதுமானவை. உறவினர் கூடும் நாளில் பாய் விரித்தால் பத்துப் பேர் உட்காரலாம். பாயில் உட்காருவதைக் குறைவாக யாரும் நினைக்கத் தேவையில்லை. கிட்டங்கியில் பெரும் வணிகம் பாயில் உட்கார்ந்துதான் நடந்தது.

வாஸ்துவும் ஃபெங்சுயியும் பார்ப்பவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழும்: வாசல் திசை சரியில்லை என்றால் என்ன செய்வது? கடைவீட்டு வரிசையில் தெருவின் இந்தப் பக்கத்து வீடுகள் ஒரு திசை பார்த்தால், எதிர்ப்பக்கத்து வீடுகள் அதற்கு நேரெதிர்த் திசை பார்க்கும். திசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கும் இல்லை. ஆகவே அவரவர் நம்பிக்கைக்கு ஏற்பப் பூசைமேடையையும் இருக்கையையும் உள்ளே ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். வாசலை இடித்து மாற்றுவதைவிட அது எளிது, செலவும் குறைவு.

முற்றம்: வீட்டின் நுரையீரல்

கடைவீட்டின் நடுவில் கூரையில்லாத முற்றம் ஒன்று இருக்கும். சில நீண்ட வீடுகளில் இரண்டும் இருக்கும். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகும்போது நடுவில் வானம் தெரிவது போலத்தான் இதுவும். மேலே சூடேறிய காற்று முற்றம் வழியாக எழுந்து வெளியேறும். அந்த இடத்தை நிரப்பத் தெருப்பக்கத்து நிழல் காற்று வாசல் வழியே உள்ளே வரும். மின்விசிறி வருவதற்கு முன் இந்த வீடுகளைக் குளிர்வித்தது இந்த ஏற்பாடுதான்.

பின்னாளில் பலர் இட நெருக்கடியால் முற்றத்தின் மேல் நெகிழித் தகடு போட்டு மூடினார்கள். மழை நின்றது, ஆனால் வெப்பமும் உள்ளேயே நின்றுவிட்டது. சுவர் பூஞ்சை பிடித்தது, பகலில் விளக்கு தேவைப்பட்டது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும், ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருக்கும் ஊரில், காற்றை நிறுத்துவது நோயை அழைப்பதற்குச் சமம். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி உயர்த்தி, நான்கு பக்கமும் இடைவெளி விட்டுப் பொருத்தலாம்.

அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லை. ஆனால் முன்கதவிலிருந்து பின்சன்னல் வரை ஒரு காற்றுப்பாதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை அறிய ஓர் ஊதுபத்தி போதும். வாசலில் ஏற்றி வைத்துப் புகை எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். உள்நோக்கிப் போனால் வழி சரியாக இருக்கிறது. ஓர் இடத்தில் சுழன்று நின்றால் அங்கே ஏதோ மறிக்கிறது. பெரும்பாலும் அது சன்னலை மறைத்து வைத்த உயரமான அலமாரியாகத்தான் இருக்கும். அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு, சன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டினால் பகல் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும்.

வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது இப்போது பரவலான அழகு. அழகுதான், ஆனால் ஏடிஸ் கொசு தேடுவதும் அப்படித் தேங்கிய சுத்தமான நீரைத்தான். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். உருளி நீரைத் தினமும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டு, மூங்கில் செடி வைத்த கண்ணாடிக் குடுவை ஆகியவையும் இதே கணக்கில் சேரும். மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப் புழு இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். டிங்கிக் காய்ச்சலில் விழும் உயிருக்கு என்ன கட்டுவது?

சுவரும் தரையும்

வண்ணம் பூசுவதுதான் பலருக்கு அலங்காரத்தின் முதல் வேலை. கடைவீடுகளின் செங்கற்சுவர் சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, மூச்சுவிடாத பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி மேலேறும். உப்புப் பூத்துக் காரை பெயரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது வண்ணம் அடித்தும் சுவர் பொரிகிறது என்று வருந்தும் பழைய வீட்டுக்காரர்கள், வண்ணத்தை மாற்றுமுன் பூச்சைச் சோதிக்க வேண்டும்.

லீத் ஸ்திரீட்டில் உள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் நீலம் உலகப் புகழ் பெற்றது. சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசிய நீலம் அது. 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சன்னல்களும் கொண்ட அந்த மாளிகை 1990களில் புதுப்பிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. அத்தனை பெரிய மாளிகையின் அழகும் வண்ணத்தால் மட்டும் வந்ததல்ல. முற்றத்து வெளிச்சம் அந்த நீலத்தின்மேல் விழுவதால் வந்தது. வெளிச்சம் குறைந்த சிறிய கூடத்தில் அதே அடர்நீலத்தை நான்கு சுவருக்கும் அடித்தால் குகைபோல் ஆகிவிடும். அங்கே வெளிர்நிறம் மூன்று சுவருக்கும், பிடித்த அடர்நிறம் சன்னலின் வெளிச்சம் படும் ஒரே சுவருக்கும் போதும்.

தரையிலும் பழையவர்கள் கணக்காக இருந்தார்கள். ஐந்தடியிலும் முற்றத்திலும் கருங்கல்லும் சுட்ட மண் ஓடும் இட்டார்கள். நீர் பட்டாலும் கெடாது, வழுக்காது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல்மழையிலும் வெள்ளத்திலும், தரையோடு ஒட்டி வைத்த அழுத்தப் பலகை அலமாரிகள் ஊறிப் போன துயரத்தைப் பலர் அனுபவித்தார்கள். தாழ்வான பகுதியில் தரைவீட்டில் குடியிருப்போர் வாசற்பக்கத்துச் சாமான்களை உலோகக் கால் அல்லது கல் மேடை மேல் வைப்பது நல்லது. முக்கிய ஆவணங்களைக் கீழ்த்தட்டில் வைக்கவே வேண்டாம்.

ஆள் இல்லாத அழகு

இந்த வீடுகளின் இன்றைய நிலையைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அவகாசம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் வாடகை அவிழ்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் கூடுதல் வாடகை கட்ட முடியாமல் வெளியேறின. பழைய தையற்கடையும் தட்டார் பட்டறையும் ஒவ்வொன்றாக மூடின.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கட்டடங்களுக்கு மதிப்பு வந்தது. 2012இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சைக்கிள் ஓட்டும் சிறுவர்களின் சுவரோவியம் வந்த பிறகு பயணிகள் குவிந்தார்கள். வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. பிந்து பாகாருக்குப் புதுவண்ணம் கிடைத்தது, ஐந்தடியில் பூந்தொட்டிகள் வந்தன. மாலையில் நாற்காலி போட்டு உட்காரும் பாட்டியைத்தான் காணவில்லை. வாசல் புகைப்படத்துக்குப் பின்னணியாக மாறிப் போன தெருக்களும் இன்று அங்கே உண்டு.

கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டத்தின் கீழ், பாரம்பரியப் பகுதிக்குள் கதவு, சன்னல், கூரை, முகப்பு எதை மாற்றுவதானாலும் முதலில் பினாங்கு மாநகர் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்து பேச மனிதர்கள் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தாலும் கட்டளையிட முடியாது. அது குடும்பங்கள் செய்ய வேண்டிய வேலை.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கும் இது பொருந்தும். அலங்காரம் முடிந்த கூடத்தில் விருந்தினர் வரும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தினமும் வாழ்கிறவர்களுக்கு இல்லாத கூடம், ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவருக்கு எதற்கு?

ஒரு நாள் வேலை

இவ்வளவையும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், வரிசைதான் முக்கியம். முதலில் வாசலையும் நடைவழியையும் காலி செய்ய வேண்டும். இரண்டாவது, ஊதுபத்தி ஏற்றிக் காற்றுப்பாதையைப் பார்த்து, மறிக்கும் அலமாரியை நகர்த்த வேண்டும். மூன்றாவது, கிரில் சாவிக்கு ஓர் இடம் குறித்து, வீட்டார் அனைவரையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நான்காவது, தேங்கும் நீர் எங்கெல்லாம் இருக்கிறது என்று கொட்டிக் கவிழ்க்க வேண்டும். ஐந்தாவது, ஓராண்டாகத் தொடாத சாமான்களை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும். இவை முடிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அப்போது வாங்க வேண்டிய பட்டியல் பாதியாகச் சுருங்கியிருப்பதைப் பலர் வியப்போடு காண்பார்கள்.

பெருநாளன்று திறந்த இல்ல உபசரிப்பு நடத்தும் வழக்கம் மலேசியாவில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. அன்று சீன அண்டைவீட்டார் வருவார், மலாய் நண்பர் குடும்பத்தோடு வருவார், தாத்தாவின் பழைய கூட்டாளி கைத்தடியோடு வருவார். அவர்கள் யாரும் திரைச்சீலையின் விலையை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. தடுமாறாமல் நுழைந்தார்களா, உட்கார இடம் கிடைத்ததா, காற்றோட்டமாக நாலு வார்த்தை பேச முடிந்ததா என்பதுதான் மனத்தில் நிற்கும். கதவு திறந்திருக்கட்டும், வழி விட்டிருக்கட்டும். ஒரு கொத்து உண்மையான மாவிலை அந்த வாசலுக்குப் போதும்.